இலையில் வெஞ்சனத்துக்கு எவ்வளவு இடம்?

கேள்வி: எனக்கு வயது 44. மதுரை திருநகரில் வீட்டோடு தையல் வேலை பார்க்கிறேன். மாமியார், கணவர், இரண்டு பிள்ளைகள் என வீட்டில் ஐந்து பேர். போன மாதம் தலைசுற்றல் வந்து பரிசோதனை செய்ததில் வெறும் வயிற்றில் சுகர் 108, ட்ரைகிளிசரைடு 212, நல்ல கொழுப்பு 38, பிரஷர் 126/80 என்று வந்தது. இடுப்பு 36 அங்குலம். "மெட்டபாலிக் சிண்ட்ரோம் இருக்கு, காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுங்க" என்றார் டாக்டர். பக்கத்து வீட்டு அக்கா, "சுகர் வரப்போகுது, பழத்தைத் தொடாதே" என்கிறார். ராத்திரி ஒரு வாழைப்பழம் சாப்பிடுவேன். உடம்புக்கு நல்லது என்று கணவர் சாயங்காலம் ஆப்பிள் ஜூஸ் வாங்கி வருவார். வாரம் தவறாமல் உழவர் சந்தையில் 5 கிலோ காய் வாங்குகிறோம். "இதுக்கு மேல என்னத்தக் காய் திங்கிறது? அந்தக் காலத்துல மூணு வேளையும் சோறு தின்னவங்க நல்லாத்தானே இருந்தாங்க" என்கிறார் கணவர். பழத்தை நிறுத்திவிடவா?

பதில்: சகோதரிக்கு,

பழத்தை நிறுத்த வேண்டாம். ஜூஸை நிறுத்துங்கள். அவசரமாகப் பதில் தேடுகிறவர்களுக்கு இது போதும். ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண் போய் நின்ற இடம் அந்த 5 கிலோ காய். அதற்கு வருவதற்கு முன்னால் டாக்டர் சொன்ன பெயரைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு அரைகுறையாகப் பயந்து வருகிறவர்கள்தான் என்னிடம் அதிகம்.

மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்பது சர்க்கரையையும் கொழுப்பையும் உடம்பு கையாளும் கணக்கு பல இடங்களில் சேர்ந்தாற்போல் பிசகத் தொடங்கியிருப்பதன் பெயர். ஐந்து விஷயங்களைப் பார்ப்பார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இடுப்புச் சுற்றளவு பெண் என்றால் 80 செ.மீ. (31 அரை அங்குலம்), ஆண் என்றால் 90 செ.மீ. எட்டியிருக்கிறதா, ட்ரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு 150-ஐ எட்டியிருக்கிறதா, நல்ல கொழுப்பு பெண்ணுக்கு 50-க்கும் ஆணுக்கு 40-க்கும் கீழே இறங்கியிருக்கிறதா, பிரஷர் 130/85-ல் வந்து நிற்கிறதா, வெறும் வயிற்றுச் சுகர் 100-ஐத் தொட்டிருக்கிறதா. இந்த ஐந்தில் ஏதாவது மூன்று இருந்தால் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும். உங்களுக்கு நான்கு இருக்கிறது. பிரஷர் மட்டும் இன்னும் தப்பித்து நிற்கிறது.

இவற்றில் பல ஒரே ஆளிடம் கூட்டமாக வருகின்றன என்பதை 1988-ல் அமெரிக்க மருத்துவர் ஜெரால்டு ரீவன் எடுத்துச் சொன்னார். இன்சுலின் சுரந்தும் அதன் பேச்சைத் தசையும் கல்லீரலும் சரியாகக் கேட்காததுதான் அடியில் இருக்கும் கோளாறு. இப்படியே விட்டால் சுகரும் இதயநோயும் வருகிற வாய்ப்பு கூடும். இன்னும் வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். 108 என்பது சர்க்கரை நோய் இல்லை. அதற்கு முந்தைய படி. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்கெடுப்பின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் 15.3 சதவீதம் பேர் இந்தப் படியில்தான் நிற்கிறார்கள். 11.4 சதவீதம் பேர் ஏற்கெனவே ஏறிவிட்டார்கள். நீங்கள் தனியாள் இல்லை.

இடுப்பளவைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் டெய்லர், உங்களுக்கு நான் டேப் பிடிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பாவாடை நாடா கட்டும் இடம் வேறு, இதற்கு அளக்கும் இடம் வேறு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில், மூச்சைச் சாதாரணமாக விட்ட பிறகு அளக்க வேண்டும். உங்கள் கணவரையும் அப்படியே நிறுத்தி அளந்து பாருங்கள். "பேன்ட் சைஸ் 34-தான்" என்பார். தொப்பைக்கு அடியில் பெல்ட் போடுகிற எல்லா ஆண்களுக்கும் சைஸ் 34-தான். டேப் 35 அரை அங்குலத்தைத் தாண்டினால் அவரும் இந்தக் கடிதத்தைச் சேர்ந்து படிக்கட்டும்.

இப்போது அந்த 5 கிலோ. வாரம் 5 கிலோ வாங்குகிற வீட்டில் ஒரு கிலோவாவது உருளைக்கிழங்கு இருக்கும். உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு காயும் பழமுமாகக் குறைந்தது 400 கிராம் வேண்டும் என்று சொல்லும்போது, உருளை போன்ற கிழங்குகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது மாவுச்சத்து, சோற்றுக்குச் சொந்தக்காரன். ஆக மீதி 4 கிலோ. தோல், காம்பு, முற்றல், சொத்தை என்று அரைக் கிலோ குப்பைக்குப் போகும். மூன்றரைக் கிலோவை ஏழு நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 500 கிராம். அதை ஐந்து பேருக்குப் பிரித்தால் தலைக்கு 100 கிராம். அதிலும் பாதிக்கு மேல் வெங்காயமும் தக்காளியுமாகத் தாளிப்பில் கரைந்து போயிருக்கும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் கணக்கு இன்னும் பெரிது: கீரையும் சேர்த்துக் காய் 400 கிராம், பழம் 100 கிராம். உங்கள் வீட்டில் காய் அதில் கால் பங்குதான் வருகிறது.

உங்களைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். என் வீட்டிலும் இதே கதைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறைத் தராசை எடுத்து வைத்து, எல்லோர் தட்டிலும் பரிமாறியதை நிறுத்துப் பார்த்தேன். ஒரு கரண்டி கோவைக்காய்ப் பொரியல் 38 கிராம். சாம்பாரில் ஒரு ஆளுக்கு விழுந்தது முருங்கைக்காய் இரண்டு துண்டு. சக்கையைத் துப்பிய பிறகு உள்ளே போனது எவ்வளவு என்று நிறுக்க மனம் வரவில்லை. ஊருக்கெல்லாம் உணவு ஆலோசனை சொல்லுகிறவள் வீட்டில் மத்தியானச் சாப்பாட்டின் காய் 60 கிராம் தேறவில்லை. சோறு மட்டும் 300-ஐத் தாண்டியிருந்தது.

நம் பக்கத்தில் இதற்குப் பெயரே வெஞ்சனம். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஏதாவது வேண்டும், அது அப்பளமாக இருந்தாலும் வெஞ்சனம், ஊறுகாயாக இருந்தாலும் வெஞ்சனம், கத்தரிக்காயாக இருந்தாலும் வெஞ்சனம். "இன்னைக்கு என்ன வெஞ்சனம்?" என்று கேட்கும்போதே அது சோற்றுக்குத் துணைக்கு வந்தது என்று முடிவாகிவிடுகிறது. காய்கறி சாப்பிடுகிறோம் என்று நாம் நம்புவதற்கும், தட்டில் அதன் எடை சொல்வதற்கும் உள்ள தூரம் இதனால்தான் என்பது என் கணிப்பு. உழவர் சந்தை என்ற திட்டமே 1999 நவம்பரில் நம் அண்ணாநகரில்தான் ஆரம்பித்தது. பரவையிலும் மாட்டுத்தாவணியிலும் விடியும் முன்னே லாரி லாரியாகக் காய் இறங்குகிறது. காய் கிடைக்காத ஊர் இல்லை இது.

சரி, காய் என்ன செய்கிறது? மூன்று வேலை சொல்லலாம். முதலாவது நார்ச்சத்து. கண்மாய்த் தண்ணீரை மடை வழியாகத் திறந்துவிட்டால் வயல் நிதானமாகக் குடிக்கும். கரை உடைத்துக்கொண்டு வந்தால் பயிர் சாயும். சோறும் இட்லியும் தனியாகப் போனால் சர்க்கரை ரத்தத்தில் உடைப்பெடுத்ததுபோல் ஏறும். கூடவே அவரையும் கீரையும் போனால், குடல் அதை மெதுவாகவே உறிஞ்சும். அந்த நாரில் நமக்குச் செரிக்காத பங்கைக் குடலில் உள்ள கிருமிகள் தின்று, உடம்புக்கு உதவும் சில அமிலங்களைத் தயாரித்துத் தருகின்றன. இரண்டாவது பொட்டாசியம். உப்பை வெளியேற்றவும் ரத்தக்குழாய் இளகவும் அது வேண்டும்; பிரஷருக்கு நல்லது. மூன்றாவது வேலையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்: இடத்தை அடைப்பது. வயிற்றில் 200 கிராம் சுரைக்காய்க் கூட்டு உட்கார்ந்துவிட்டால், இரண்டாம் முறை சோறு கேட்கும் கை தானாகவே தயங்கும்.

உங்கள் ரிப்போர்ட்டில் ட்ரைகிளிசரைடு 212 என்று பார்த்ததும், "எண்ணெயைக் குறைக்கணும்" என்று நினைத்திருப்பீர்கள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில் செலவாகாமல் மிஞ்சும் சோறு, மாவு, சீனி ஆகியவற்றைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் அனுப்புகிறது. ட்ரைகிளிசரைடு ஏறி, நல்ல கொழுப்பு இறங்கி நிற்கும் ரிப்போர்ட் நம் ஊரில் பெரும்பாலும் அந்த வழியாக வந்ததுதான். அதனால் இருக்கிற சாப்பாட்டின் மேல் காயைக் கூட்டி வைத்தால் பெரிய பலன் இருக்காது. சோற்றில் ஒரு கரண்டி குறைந்து அந்த இடத்தில் காய் வர வேண்டும். உங்களுக்கு நான் சொல்ல வருவது சுருக்கமாக இதுதான். மற்றதெல்லாம் இதை எப்படிச் செய்வது என்பது பற்றியது.

ஆய்வுகளைப் பற்றி நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். காயும் பழமும் அதிகம் சாப்பிடுகிறவர்களிடம் இந்தச் சிண்ட்ரோம் குறைவாகக் காணப்படுகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அப்படிச் சாப்பிடுகிறவர்கள் பொதுவாக நடக்கவும் செய்கிறார்கள், பீடி சிகரெட் தொடுவதும் குறைவு. எது எதனால் என்று பிரிப்பது சிரமம். சாப்பாட்டைக் கொடுத்தே சோதித்த ஆய்வு ஒன்று உண்டு. 1997-ல் அமெரிக்காவில் வெளியான டேஷ் ஆய்வில் 459 பேருக்கு எட்டு வாரம் சாப்பாடு சமைத்துக் கொடுத்தார்கள். உப்பையும் உடல் எடையையும் மாற்றாமல் காயும் பழமும் மட்டும் கூட்டிக் கொடுத்தவர்களுக்கு மேல் பிரஷர் சராசரியாக 2.8 இறங்கியது. அதோடு கொழுப்பு நீக்கிய பாலும் தயிரும் சேர்த்து, மொத்தக் கொழுப்பையும் குறைத்துக் கொடுத்தபோது 5.5 இறங்கியது. ஏற்கெனவே பிரஷர் இருந்தவர்களுக்கு 11-க்கும் மேல். காய் மட்டும் தனியாக மந்திரம் போடாது. முழுச் சாப்பாடும் மாறும்போது மாத்திரை அளவுக்குப் பலன் வரும்.

நம் ஆட்கள் மேலேயே செய்த ஆய்வும் இருக்கிறது. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு, சுகர் வரும் படியில் நின்ற 531 பேரைச் சுமார் மூன்று வருடம் தொடர்ந்து பார்த்து, 2006-ல் முடிவை வெளியிட்டது. வழக்கமான அறிவுரையோடு விட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு சுகர் வந்துவிட்டது. சாப்பாட்டையும் நடையையும் விடாமல் கவனிக்க வைத்தவர்களில் 39.3 சதவீதம். சுகருக்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்தவர்களிலும் ஏறத்தாழ அதே அளவுதான், 40.5. நூற்றுக்குப் பதினைந்து பேர் தப்பித்தார்கள் என்று படித்தால் சிறிதாகத் தோன்றும். அந்தப் பதினைந்தில் ஒருவராக இருந்தால் அப்படித் தோன்றாது.

இனி பழம். பக்கத்து வீட்டு அக்கா பயப்படுவதில் ஒரு நியாயம் உண்டு, பழத்தில் சர்க்கரை இருக்கிறதுதான். நீங்கள் ராத்திரி சாப்பிடும் நாட்டு வாழைப்பழத்தில் தோலை உரித்தால் 50, 60 கிராம் சதை இருக்கும். அதில் மாவும் சர்க்கரையுமாக 12 முதல் 15 கிராம். அதே ராத்திரி ஒரு கப் சோறு சாப்பிட்டால் அதில் ஏறத்தாழ 40 கிராம். மத்தியானம் நாம் போடுவது ஒரு கப்பா? ஒரு நாளைக்கு நாலு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சீனி என்றால், சீனி மட்டுமே 35, 40 கிராம் ஆகிவிடும். வீட்டில் எல்லோரையும் விட்டுவிட்டு வாழைப்பழத்தை மட்டும் பிடித்துக் கூண்டில் ஏற்றுவது என்ன நியாயம்?

அந்த ஒரு பழம் இருக்கட்டும். சிறுமலைப் பழமோ நாட்டுப் பழமோ, சின்னதாக ஒன்று. நேந்திரமும் பெரிய செவ்வாழையும் அளவில் இரண்டு மூன்று பழத்துக்குச் சமம், அதனால் பாதி. ராத்திரிச் சாப்பாடு முடிந்து மேலே போடுவதைவிட, சாயங்காலம் மிக்சருக்கும் பிஸ்கட்டுக்கும் பதிலாக அதைச் சாப்பிட்டுவிடுங்கள். சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று இணையத்தில் நடக்கும் சண்டையில் நான் கலந்துகொள்வதில்லை. எதற்குப் பதிலாக என்பதுதான் கேள்வி. மாம்பழமும் அப்படித்தான். சித்திரை, வைகாசியில் மதுரைக்காரர்களிடம் மாம்பழம் சாப்பிடாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. 100 கிராம் சதையில் 15 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கும். நான்கைந்து துண்டு, சாயங்காலம், வேறு பலகாரம் இல்லாமல் என்றால் சரி. விருந்துச் சாப்பாடு முடித்து, பாயசத்துக்கும் மேலே ஒரு முழு மாம்பழத்தை உறிஞ்சினால் அது வேறு கணக்கு.

ஆப்பிள் ஜூஸ் விஷயத்தில் உங்கள் கணவரின் அன்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் கடையில் நின்று பாருங்கள்: இரண்டு ஆப்பிள், ஒரு குத்துச் சீனி, பால், ஐஸ். மூன்று நிமிடத்தில் குடித்து முடித்துவிடலாம். அதே இரண்டு ஆப்பிளை மென்று தின்னச் சொன்னால் ஒன்றிலேயே தாடை ஓய்ந்துவிடும். மெல்லும் நேரமும் நாரின் அமைப்பும் போன பிறகு மிஞ்சுவது இனிப்புத் தண்ணீர். ஹார்வர்டு ஆய்வாளர்கள் 1,87,000-க்கும் அதிகமான அமெரிக்கர்களின் தகவலை வைத்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில், ஆப்பிள், திராட்சை போன்றவற்றை முழுப் பழமாகச் சாப்பிட்டவர்களுக்கு சுகர் வரும் வாய்ப்பு குறைந்தும், ஜூஸ் அதிகம் குடித்தவர்களுக்குக் கூடியும் இருந்தது. ஆக ஜூஸ் கடைக்குக் கொடுக்கும் காசுக்குக் கொய்யாப்பழம் வாங்கி வரச் சொல்லுங்கள். ஸ்டிக்கர் ஒட்டிய ஆப்பிளைவிடக் கொய்யாவில் நாரும் அதிகம், வைட்டமின் சி பல மடங்கு அதிகம், விலையும் குறைவு. பப்பாளி, நெல்லிக்காய், கிடைக்கிற காலத்தில் நாவல்பழம் எல்லாமே நல்லவை. நாவல் கொட்டைப் பொடி சாப்பிட்டால் மாத்திரை வேண்டாம் என்று யாராவது சொன்னால் மட்டும் காதில் வாங்காதீர்கள்.

காலையில் நடக்கப் போகிற இடங்களில் அருகம்புல், வாழைத்தண்டு என்று சாறு விற்கிறார்கள். வடிகட்டிய வாழைத்தண்டுச் சாற்றைவிட வாழைத்தண்டுப் பொரியலுக்கே என் ஓட்டு. வடிகட்டியில் நிற்பதுதான் நமக்கு வேண்டியது. ஜிகர்தண்டா பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் பேசாமல் போகிறேன். மாதம் ஒருமுறை போதும்.

காயை எப்படிக் கூட்டுவது என்பதற்கு வருகிறேன். இந்த வேலைக்கு வந்த புதிதில் எல்லோருக்கும் அச்சடித்த பட்டியல் ஒன்று கொடுப்பேன். புரோக்கோலி, லெட்யூஸ், ஓட்ஸ் என்று அழகாக இருக்கும். உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்த ஒரு பாட்டி ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்து, பட்டியலை என் மேசையில் விரித்து, ஒரு வரியில் விரலை வைத்து, "இந்தப் பேருள்ளதை மட்டும் எங்கூர்ச் சந்தையில யாருக்கும் தெரியல தாயி. கொல்லையில பீர்க்கங்கா காய்ச்சுத் தொங்குது, அதைத் திங்கலாமா?" என்று கேட்டார். அன்றைக்கே பட்டியலைக் கிழித்துவிட்டேன். பீர்க்கு, புடலை, சுரை, அவரை, கொத்தவரை, பாகல், வெண்டை, கத்தரி, வாழைப்பூ, முருங்கைக்கீரை: இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

ஒரு நாளை மனதில் ஓட்டிப் பாருங்கள். காலையில் இட்லி, தேங்காய்ச் சட்னி. ராத்திரி தோசை, அல்லது அசதியாக இருக்கிற நாளில் பரோட்டா, சால்னா. மூன்று வேளையில் இரண்டு வேளை டிபன். டிபனில் காயே கிடையாது. நீங்கள் முதலில் கை வைக்க வேண்டிய இடம் இதுதான். தேங்காய்ச் சட்னியை வாரம் இரண்டு நாளாக்கி, மற்ற நாளில் பீர்க்கங்காயைத் தோலோடு வதக்கி அரைத்த துவையல், சுரைக்காய்ச் சட்னி, கத்தரிக்காய் தக்காளிக் கடைசல் என்று மாற்றுங்கள். கடைசல் ஸ்பூனால் வைக்கிற பொருளில்லை, கிண்ணத்தில் ஊற்றிச் சாப்பிடுகிற பொருள். நான்கு இட்லி மூன்றாகிவிடும், ஆள் பசி என்று சொல்ல மாட்டார். அடைமாவில் முருங்கைக்கீரையோ முட்டைக்கோஸோ ஒரு கைப்பிடிக்குப் பதிலாக மூன்று கைப்பிடி போடுங்கள். பரோட்டா நாளில் வெள்ளரிக்காயும் வெங்காயமும் நறுக்கி, எலுமிச்சை பிழிந்து, பரோட்டாப் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்னால் நடுவில் வைத்துவிடுங்கள். பசியில் கை அதற்குத்தான் போகும்.

மத்தியானத்துக்கு நம் பழைய பந்தி வழக்கமே வழிகாட்டும். இலை போட்டதும் கூட்டு, பொரியல், பச்சடி எல்லாம் வரிசையாக வந்துவிடும்; சோறு கடைசியில்தான் வரும். சோற்று வாளி வரும் வரைக்கும் கை சும்மா இருக்காமல் பொரியலைக் காலி செய்துகொண்டிருக்கும் இல்லையா? வீட்டிலும் அதையே செய்யுங்கள். முதலில் தட்டில் இரண்டு காய், இரண்டும் சேர்த்து ஒன்றரைக் கப்பாவது. அதில் பாதி காலியான பிறகு சோறு. காயை முதலில் சாப்பிட்டுவிட்டு மாவுச்சத்தைப் பிறகு சாப்பிட்டால் சாப்பாட்டுக்குப் பிந்தைய சுகர் குறைவாக ஏறுகிறது என்று ஜப்பானிலும் அமெரிக்காவிலும் சிறிய அளவில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பொரியலில் தேங்காயைப் பாதியாக்குங்கள். காயை வேக வைத்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம், ரசத்தில் சேர்த்துவிடுங்கள்.

செலவு இடிக்கும் என்று தெரியும். 5 கிலோவைத் திடீரென்று 14 கிலோவாக்கச் சொல்லவில்லை. முதல் மாதம் 8, அடுத்த மாதம் 10. சந்தை முடிகிற நேரத்தில் போனால் விலை இறங்கியிருக்கும் என்பது என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்கும். சீனி, பிஸ்கட், மிக்சர், ஜூஸ் குறையும்போது மிஞ்சுகிற காசும் உண்டு. நறுக்க நேரமில்லை என்பதுதான் நிஜமான தடை. அதற்கு இரண்டு பிள்ளைகளும் கணவரும் இருக்கிறார்கள். டி.வி. முன்னால் உட்கார்ந்து அவரைக்காய் நார் எடுக்கப் படிப்பு தேவையில்லை. மாமியார் ராத்திரியில் கீரை கூடாது என்றால் வாதாட வேண்டாம், மத்தியானம் போடுங்கள். அவருடைய சமையல் கைப்பக்குவம் உங்களுக்கு வேண்டும். மணத்தக்காளிக் கீரையும் சுண்டைக்காயும் வீட்டில் மறுபடி வர அவர்தான் வழி.

ஒரு எச்சரிக்கை. மாமியாருக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்தால், கீரையும் பழமும் இளநீரும் கூட்டுவதற்கு முன் அவருடைய டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். சிறுநீரகம் மந்தமாக இருக்கும்போது பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கும். சில பிரஷர் மாத்திரைகளும் அதைக் கூட்டும். 'லோ சோடியம்' என்று விற்கும் உப்பிலும் பொட்டாசியம் உண்டு, அதையும் கேட்காமல் மாற்றக் கூடாது. இதயத்தில் வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர் யாராவது இருந்தால், கீரையை ஒரு வாரம் அள்ளியும் மறு வாரம் விட்டும் சாப்பிடக் கூடாது. ஒரே சீராக இருக்க வேண்டும். உங்கள் தலைசுற்றலுக்குக் காரணம் என்ன என்று உங்கள் டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள். இந்த எண்களை மட்டும் வைத்து அதற்கு விளக்கம் சொல்ல முடியாது.

உங்கள் கணவர் கேட்டதற்கும் பதில் சொல்ல வேண்டும். மூன்று வேளையும் சோறு தின்றவர்கள் விடியற்காலையில் மண்வெட்டியோடு போய் இருட்டும்போது வந்தவர்கள். தின்ற மாவு தசையில் எரிந்தது. நீங்கள் தையல் மெஷினில் உட்காருகிறீர்கள். முன்பு காலால் மிதிக்கும் மெஷின். இப்போது மோட்டார் மாட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்தச் சின்ன மோட்டார் உங்கள் காலுக்கு இருந்த ஒரே வேலையையும் எடுத்துக்கொண்டது. மோட்டாரைக் கழற்றச் சொல்லவில்லை. ஒரு ரவிக்கை முடிந்ததும் எழுந்து ஐந்து நிமிடம் நடங்கள். மத்தியானம் சாப்பிட்டதும் கட்டையைச் சாய்க்காமல் தெருமுனை வரை ஒரு நடை. மொத்தத்தில் வாரத்துக்கு 150 நிமிடம் வர வேண்டும். காயும் நடையும் சேர்ந்துதான் வேலை செய்யும்.

மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுங்கள். சுகரைவிட முதலில் ட்ரைகிளிசரைடுதான் அசையும். ஜூஸும் டீச் சீனியும் குறைந்தாலே அதில் தெரியும். 10, 12 மணி நேரம் சாப்பிடாமல் போக வேண்டும், தண்ணீர் குடிக்கலாம். முகூர்த்த நாளுக்கு மறுநாள் மட்டும் போகாதீர்கள். என்னிடம் வருகிற ஒருவர், மச்சினன் வீட்டுக் காது குத்து விருந்தில் கறியும் சோறுமாக ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்துவிட்டு, காலை ஏழு மணிக்கு லேபில் போய்க் கையை நீட்டினார். ட்ரைகிளிசரைடு 480 என்று வந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு, "நீங்க சொன்ன மாதிரிதான் மூணு மாசமாக் காய் சாப்பிடறேன், பாருங்க என்ன ஆச்சுன்னு" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். பத்து நாள் கழித்து எடுத்தபோது 170.

லேப் ரிப்போர்ட்டோடு, அந்த வாரம் சந்தையில் வாங்கிய காய் எத்தனை கிலோ என்பதையும் எழுதி அனுப்புங்கள். உருளைக்கிழங்கைக் கழித்துவிட்டு.